கன் யோ கழிமுகத்தில் தூங்கிய குழந்தை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சைகோனில் இறங்கினோம். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம், மறுபடி இரண்டு மணி நேரம் வானத்தில். ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிறது. விமானத்தில் அப்படித்தான் அறிவித்தார்கள். வெளியே நின்ற வாடகைக் கார்க்காரர்களோ சைகோன், சைகோன் என்றே கூவினார்கள். "பாத்தியா செலின், இவங்க மாறலே" என்றார் அத்தை. அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ரோசலின் அத்தை என் அப்பாவின் தங்கை. பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். தாத்தா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் காரைக்காலிலிருந்து சுங்க அலுவலகக் குமாஸ்தாவாக இங்கே வந்தவர். அப்பாவைப் படிப்புக்காக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை இங்கேயே இருந்து, லாம் என்ற வியட்நாமியரைக் கல்யாணம் செய்துகொண்டார். சைகோன் வீழ்ந்து சில வருஷங்கள் கழித்து, கணவரும் இரண்டு குழந்தைகளுமாகப் படகில் தப்பிக் கிளம்பினார். மலேசியக் கரையில் ஒதுங்கியபோது மூன்று பேர்தான் இருந்தார்கள். கைக்குழந்தை வழியில் இறந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அங்கிருந்து பிரான்சுக்குப் போனார்கள். லாம் மாமா அங்கேதான் இறந்தார். மகனின் பெயர் போல்; அவன் படித்து வேலைக்குப் போனதும், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தை காரைக்காலுக்கு வந்து எங்களோடு தங்கிவிட்டார்.

நான் மருத்துவமனை நர்ஸ். கடைசிப் பத்து வருஷம் குழந்தைகள் வார்டில் இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அத்தை வந்து கேட்டார். "கன் யோவுக்குப் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு. நீ கூட வர்றியா?"

கன் யோ எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எதற்கு என்றேன்.

"பாப்பாவ விட்டுட்டு வந்த எடம்" என்றார். இறந்துபோன குழந்தையைப் பற்றிப் பேசும்போது 'விட்டுட்டு' என்ற சொல் ஏன் வந்தது என்று அன்று யோசித்தேன். கேட்கவில்லை.

விமான நிலையத்தில் அத்தையின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் புரட்டிய இளம் அதிகாரி, பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து வியட்நாமிய மொழியில் ஏதோ கேட்டார். அத்தை தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். அதிகாரி புன்னகையோடு முத்திரை குத்திக் கொடுத்தார். என்ன கேட்டார் என்றேன். "எத்தன வருஷம் கழிச்சு வர்றீங்கன்னு கேட்டான். சொன்னேன். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டீங்கன்னான்."

திங்கள் காலை

எங்கள் விடுதி தோன் டுக் தாங் தெருவில், ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சைகோன் ஆறு. பழுப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து போகின்றன. அலையேற்றத்தின்போது அதே திட்டுகள் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருகின்றன. தெருவில் மோட்டார் பைக்குகளின் இரைச்சல் விடிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. நகரத்தின் நடுவே மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நடைபாதைக் கடையில் ஐஸ் போட்ட பால் காப்பி இருபதாயிரம் டோங், நம் காசில் ஐம்பது அறுபது ரூபாய். கசப்பும் தித்திப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காத காப்பி. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நடந்துபோகிற தூரத்தில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. கார் ஏற்பாட்டுக்கு அங்கே விசாரிக்கச் சொல்லி ஊரிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய செட்டிநாட்டுத் தமிழ் நடுநடுவே வார்த்தை தேடி நின்றது.

"கன் யோவா? அங்கிட்டு என்ன ஆச்சி இருக்கு, கொரங்கும் கண்டல் காடுந்தான். கடல் பாக்கணும்னா வுங் டாவ் போங்க. எல்லாரும் அங்கதான் போறாக."

"ஒருத்தரப் பாக்கணும்" என்றார் அத்தை.

பெரியவர் அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த நாள்ல அந்த ஆத்து வழியாத்தான் நெறையப் பேரு கெளம்பிப் போனாக" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எதுவும் கேட்காமல் துவான் என்ற ஓட்டுநருக்குத் தொலைபேசி செய்து, மறுநாள் காலைக்கு ஏற்பாடு செய்துகொடுத்தார்.

திங்கள் மாலை

வெயில் தாழ்ந்ததும் படகுத்துறைப் பக்கம் போய் உட்கார்ந்தோம். வுங் டாவுக்குப் போகும் விரைவுப் படகு ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. பயணிகள் எல்லோரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியேதான் அத்தை சொல்ல ஆரம்பித்தார்.

கிளம்பிய அன்று கன் யோவில் ஒரு குடிசையில் பகல் முழுக்க ஒளிந்திருந்தார்கள். அது லியென் என்ற படகுக்காரப் பெண்ணின் வீடு. இருட்டியதும் லியென் இவர்களைத் தன் சிறு தோணியில் படுக்கவைத்து, மேலே பாயும் தென்னங்கீற்றும் போட்டு மூடி, கழிமுகத்துக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார். அங்கே பெரிய படகு காத்திருக்கும். வழியில் ரோந்துப் படகு வரும். குழந்தை அழுதால் எல்லோரும் சிறைக்குப் போக வேண்டியதுதான். அதனால் குழந்தைகளுக்கெல்லாம் தூக்க மருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஆறு வயது மகன் போலுக்கு ஒரு கரண்டி. ஏழு மாதக் குழந்தை அனியேசுக்கு அரைக் கரண்டி.

"ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க. பாதி தூரம் போனப்ப எங்கயோ மோட்டார் சத்தம் கேட்டுச்சு. அந்த நேரம் பாத்து பெபெ முனக ஆரம்பிச்சா." கைக்குழந்தையை பெபெ என்று பிரெஞ்சில்தான் அத்தை சொல்வார். "லாம் என் காதுல, இன்னொரு அரக் கரண்டி குடுன்னாரு. நாந்தான் குடுத்தேன் செலின். என் கையாலதான் குடுத்தேன்."

ரோந்துப் படகு தாண்டிப் போய்விட்டது. பெரிய படகில் ஏறியபோது குழந்தை துவண்டு கிடந்தது. கை சில்லென்றிருந்தது. படகில் இருந்த ஒருவர் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு இல்லை என்றார். பிணத்தோடு கடலுக்குள் போக முடியாது, கீழே தோணிக்காரியிடம் கொடுத்துவிடுங்கள், அவள் புதைத்துக்கொள்வாள் என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள்.

"நான் நெஞ்சுல கைய வச்சுப் பாத்தேன். படகு எஞ்சின் ஓடுது. பலகையெல்லாம் அதிருது, என் கை அதிருது, அவ ஒடம்பும் அதிருது. எது அவ நெஞ்சு, எது எஞ்சின்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் எஞ்சின நிறுத்துங்கன்னு சொன்னேன். யாரும் நிறுத்தல. லாம் அவள என் கைலேர்ந்து எடுத்துக் கீழ குடுத்துட்டாரு. போல் இன்னொரு கைல தூங்கறான். நான் எழுந்திரிக்கவே இல்ல."

விரைவுப் படகு நுரையைக் கிளப்பிக்கொண்டு திருப்பத்தில் மறைந்தது. அத்தை அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாம் சாகற வரைக்கும் இதப் பத்தி ஒரு வார்த்த பேசல. நானும் கேக்கல."

"இத்தன வருஷமா ஏன் அத்தை வரல?"

"வந்து கேட்டா, பதில் சொல்லிடுவாங்கல்ல" என்றார்.

குழந்தைகள் வார்டில் இருந்த எனக்கு ஒன்று தெரியும். அந்த மாதிரி மருந்து சிறு குழந்தைக்கு அதிகமானால் மூச்சு மிக மிக மெதுவாகிவிடும். மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. உடம்பு குளிர்ந்துபோகும். நல்ல வெளிச்சத்தில், கையில் ஸ்டெதாஸ்கோப்போடு நின்ற எனக்கே சில நிமிஷம் சந்தேகம் வந்த குழந்தைகள் உண்டு. இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

செவ்வாய்

காலை ஏழு மணிக்கு துவான் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், அடக்கமான மனிதர். அத்தை வியட்நாமிய மொழி பேசுவதைக் கேட்டதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். பழைய காலத்துப் பேச்சாக இருக்கிறது, என் அம்மா பேசுவதுபோல இருக்கிறது என்றாராம். கன் யோ தெற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஊரைத் தாண்டியதும் கால்வாய்களும் பட்டறைகளும் மாறி மாறி வந்தன. ஒரு பாலத்தடியில் படகிலேயே குடியிருக்கும் குடும்பம் ஒன்று கண்ணில் பட்டது. தவழும் குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் படகின் கம்பத்தில் முடிந்திருந்தார்கள். முதுகில் மிதவையாக ஒரு காலி பிளாஸ்டிக் கேன். குழந்தை கயிறு எட்டுகிற தூரம் வரை போய், நின்று, எங்கள் காரை வேடிக்கை பார்த்தது.

பின் கான் துறையில் ஆற்றைக் கடக்க வேண்டும். காரையும் பைக்குகளையும் ஏற்றிக்கொள்ளும் பெரிய தட்டைப் படகு. காருக்கும் எங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் நம் காசில் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அத்தை காரை விட்டு இறங்கமாட்டார் என்று நினைத்தேன். இறங்கி நேராகக் கைப்பிடிக் கம்பி வரை போனார். அங்கே மிதவை வளையங்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றைத் தொட்டு, அழுத்திப் பார்த்தார்.

"அன்னிக்கு எங்கள்ல ஒருத்தர்கிட்டயும் ஒரு டயர் ட்யூப்கூட இல்ல" என்றார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்டல் காடு. அம்பு விட்டதுபோலச் சாலை அதன் நடுவே போகிறது. இருபுறமும் சேற்றில் ஊன்றிய வேர்கள், உப்பு வாடை, சாலையோரம் கையேந்தும் குரங்குகள். காட்டின் உள்ளே எத்தனை ஓடைகள் என்று துவானுக்கே தெரியாதாம். இந்த ஓடைகளில் எது வழியாகப் போனோம் என்று அத்தையும் ஜன்னல் வழியாகத் தேடினார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

கடலோரக் குப்பம் ஒன்றில், சிறிய மாதா கோயிலுக்கு எதிரே கார் நின்றது. கோயில் மணியைத்தான் அத்தை நினைவு வைத்திருந்தார். பெட்டிக்கடையில் லியென் என்று பெயரைச் சொன்னதும், எந்த லியென், தோணி ஓட்டின லியென்தானே என்று கேட்டு வழிகாட்டினார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. துவான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அத்தையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

தகரக் கூரை போட்ட சிறிய வீடு. வாசலில் சிப்பி ஓடுகள் மலைபோலக் குவிந்திருந்தன. உள்ளே வலைத் தூளியில் ஒரு வயதான பெண் படுத்திருந்தார். எலும்பும் தோலுமான உடம்பு, கழுத்தில் கட்டம் போட்ட துண்டு. அத்தை வாசலில் நின்று அவர் பெயரைச் சொன்னார். லியென் அம்மாள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அத்தை கறுப்பு நிறம், எங்கள் வீட்டு நிறம். லியென் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'சா வா' என்றார். இந்தியர்களை அந்தக் காலத்தில் இங்கே அப்படித்தான் அழைப்பார்களாம். தோணியில் எத்தனையோ பேரை ஏற்றியவருக்கு ஒரே ஒரு இந்தியப் பெண்தான் நினைவில் இருந்தாள்.

அதன் பிறகு நடந்த பேச்சை அத்தை எனக்கு உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். லாம் மாமா இறந்ததைச் சொன்னார், போல் பிரான்சில் நன்றாக இருப்பதைச் சொன்னார். அப்புறம் கேட்டுவிட்டார். "நான் குடுத்தப்ப அவளுக்கு மூச்சு இருந்துச்சா?"

லியென் அம்மாள் தாமதிக்கவே இல்லை. தலையை ஆட்டி இரண்டே வாக்கியம் சொன்னார்.

"இல்லியாம்" என்றார் அத்தை என்னிடம். "அப்பவே போயிட்டாளாம். தூக்கத்துலயே போயிட்டா, நீ வருத்தப்படாதேங்கறாங்க." சொல்லி முடிக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெரிய ஆறுதல். போதும், இதைக் கேட்கத்தான் வந்தோம், கேட்டாயிற்று என்று நினைத்தேன்.

அப்போது பின்கட்டிலிருந்து லியென் அம்மாளின் மகள் இளநீரோடு வந்தாள். ஐம்பது வயதுக்கு உட்பட்டவள், பெயர் ஹான். அழுகிற அத்தையைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறாள். தாய் சுருக்கமாகச் சொல்ல, அவள் முகம் மலர்ந்தது. இளநீரைக் கீழே வைத்துவிட்டு, தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி, அத்தையிடம் ஆசையாக ஏதோ சொன்னாள். தாய் அதட்டினார். ஒரே ஒரு சொல், சுள்ளென்று.

அத்தையின் அழுகை நின்றுவிட்டது. ஹானைப் பார்த்தார், லியென் அம்மாளைப் பார்த்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார். லியென் அம்மாள் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன அத்தை?" என்றேன். அத்தை கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

துண்டுக்குள்ளிருந்தே லியென் அம்மாள் பேசத் தொடங்கினார். நீண்ட நேரம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவில் ஹானும் அழுதாள். வாசலில் நின்ற துவான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு அத்தை என் பக்கம் திரும்பி, யாருடைய கதையையோ சொல்வதுபோல ஒரே சீரான குரலில் சொன்னார்.

"மூச்சு இருந்துச்சாம் செலின். பெரிய படகு போயி, எஞ்சின் சத்தம் அடங்கின பெறகு, தோணில பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சாம். இவங்க கத்தியிருக்காங்க. படகுல வெளக்கு கெடையாது. எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து அடுப்புப் பக்கத்துல சூடா வச்சிருந்தாங்களாம். இந்தப் பொண்ணு அப்ப சின்னப் புள்ள. சக்கரத் தண்ணில வெரல முக்கி வாய்ல வச்சிருக்கா. பெபெ சப்பினாளாம். கண்ணு தொறந்து பாத்தாளாம். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தா. அப்புறம் மூச்சு கொறஞ்சு கொறஞ்சு நின்னுருச்சு."

"ஆஸ்பத்திரிக்கு?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அதத்தான் சொல்லி அழறாங்க. கொண்டுபோனா புள்ள எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. புருஷன் இல்ல, மூணு புள்ளைங்க. தோணியப் புடுங்கி இவங்கள உள்ள வச்சிருப்பாங்க. பயந்துட்டேன், மன்னிச்சிருங்கறாங்க. நீ ஒருநாள் வந்து கேப்பேன்னு இத்தன வருஷமா பயந்துக்கிட்டே இருந்தேங்கறாங்க."

அத்தை கத்துவார், இல்லை மயங்கி விழுவார் என்று நான் நாடியைப் பார்க்கத் தயாராக நெருங்கி உட்கார்ந்தேன். அவர் எழுந்து ஹானிடம் போனார். சிப்பி உடைத்து உடைத்து வெட்டும் தழும்புமாகக் காய்த்துப்போன கை அது. அந்த ஆள்காட்டி விரலை அத்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். உதட்டில் வைத்தார். கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அழுதார். முதலில் அழுத அழுகை வேறு, இது வேறு. லியென் அம்மாள் தூளியிலிருந்து இறங்கித் தரையில் ஊர்ந்து வந்து, அத்தையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை குனிந்து அவர் தலையில் கையை வைத்தார்.

மாதா கோயிலுக்குப் பின்னால் மணல் மேட்டில் கல்லறைகள் இருக்கின்றன. அலையேற்றம் அதிகமாகும் நாட்களில் தண்ணீர் உள்ளே வந்துவிடுமாம். வருஷா வருஷம் மண் போட்டு உயர்த்துகிறார்கள். ஓரத்தில் ஒரு முழ நீள மேடு, சுண்ணாம்பு அடித்து, சின்னச் சிலுவையோடு. சிலுவையில் 'பே' என்று மட்டும் எழுதியிருந்தது. வியட்நாமிய மொழியில் பாப்பா என்று பொருள். பெயர் தெரியாததால் அப்படியே வைத்துவிட்டார்களாம். அத்தை பெயரைச் சொன்னார். லியென் அம்மாளுக்கு அது வாயில் நுழையவில்லை. "அன்யே, அன்யே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

அங்கே நின்றுதான் அத்தை என்னைக் கேட்டார். "நீ எத்தன கொழந்தையப் பாத்திருக்க. உண்மையச் சொல்லு. நான் குடுக்காம என் மடிலயே வச்சிருந்தா பொழச்சிருப்பாளா?"

வழியெல்லாம் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. பிராணவாயுவும் மருந்தும் இருக்கிற ஒரு வார்டாக இருந்தால் பிழைத்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் படகில் அது எதுவும் இல்லை என்பதும் தெரியும்.

"அந்தப் படகுல எத்தன நாள் தண்ணி இல்லாம கெடந்தீங்க அத்தை?"

"கடைசி ரெண்டு நாள் ஒரு சொட்டு இல்ல. போலுக்கு நாக்கு வீங்கிப்போச்சு."

"அப்ப பொழச்சிருக்க மாட்டா. இங்க அவளுக்குச் சூடும் சக்கரத் தண்ணியுமாவது கெடச்சுது."

அத்தை என் கண்ணையே பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு நிச்சயமும் இல்லை; யாருக்கும் அது கிடைக்கப்போவதில்லை. அத்தைக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தலையசைத்துவிட்டு, மேட்டின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார். வெயில் தாழும்வரை எழுந்திருக்கவில்லை.

புதன், வியாழன்

செவ்வாய் இரவே நகரத்துக்குத் திரும்புவதாக ஏற்பாடு. அத்தை வரவில்லை என்றுவிட்டார். துவானை அனுப்பிவிட்டு, குப்பத்திலேயே ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டோம். புதன் காலை நான் எழுந்தபோது அத்தை அறையில் இல்லை. லியென் அம்மாள் வீட்டு வாசலில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து ஹானோடு சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். கையில் ஏற்கெனவே ஒரு வெட்டு.

இறந்த நாளில் சமைத்துப் படைப்பது இங்கே வழக்கம். எங்களைப் போன்ற வேதக்காரர்களும் செய்கிறார்கள். தங்கள் வீட்டில் இறந்த பிள்ளை என்பதால் அனியேசுக்கும் இவர்கள் விடாமல் செய்திருக்கிறார்கள். இந்த வருஷத்து நாள் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

"விசா இருக்கற வரைக்கும் நான் இங்க இருக்கேன்" என்றார் அத்தை. "இத்தன வருஷமா இவங்க சமைச்சாங்க. இந்தத் தடவ நான் சமைக்கணும்."

என் விமானம் வெள்ளிக்கிழமை. அத்தையின் ரத்த அழுத்த மாத்திரைகளை எண்ணிப் பிரித்து ஹானிடம் காட்டிக்கொடுத்தேன். போலுக்குத் தானே பேசிக்கொள்வதாக அத்தை சொன்னார். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் கன் யோ துறையில் விரைவுப் படகுக்குக் காத்திருந்தேன். சைகோனுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். வழியனுப்ப அத்தை மட்டும் வந்திருந்தார். படகு தெரிந்ததும் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"செலின், ஒண்ணு கேக்கறேன். பாலத் தவிர எதுவுமே சாப்பிடாத புள்ள. அவளுக்கு என்னடி சமைக்கிறது?"

"பாயசம் வைங்க அத்தை" என்றேன். "ஜவ்வரிசி இங்க கெடைக்கும். தேங்காப்பால் ஊத்திச் சக்கர போட்டு, தண்ணியா, நல்லாக் கொழைய வைங்க."

"ஆமா" என்றார். "தண்ணியா வைக்கணும். தொண்டைல மாட்டிக்கக் கூடாது."

படகு கிளம்பியது. மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு பெண் ஒவ்வொரு வரிசையாக வந்து சரிபார்த்தாள். கடல் வலப்பக்கம் பின்வாங்க, பழுப்பு ஆறு எங்களை உள்ளே வாங்கிக்கொண்டது. எங்கள் ஊரிலும் அரசலாறு கடலில் சேர்கிற இடம் இருக்கிறது. மாலையில் அங்கே காற்று வாங்கப் போவோம், சுண்டல் வாங்கித் தின்போம். ஒரு கழிமுகம் என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. இங்கேயும் அது மாதிரியே ஓர் ஊர், ஓர் ஆறு, அதே வகைத் தண்ணீர். எத்தனை பேர் இதன் மேல் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தபடி போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, கரையோரக் காட்டைப் படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தவள் அப்படியே பைக்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் என் பக்கத்து இருக்கை அத்தையினுடையது. அது காலியாக இருந்ததால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு இளம் தாயை அங்கே உட்காரவைத்தார்கள். தமிழ்ப் பெண்தான். கணவருக்கு நகரத்தை ஒட்டிய தூ டுக் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் என்ஜினியர் வேலை. பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோகிறாள். விமானம் மேலேறியதும் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. பால் கொடுத்தாள், தட்டினாள், தோளில் போட்டு ஆட்டினாள். நிற்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டார். பெண்ணுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"சாரி ஆன்ட்டி, காது அடைக்குது போல. என்ன செஞ்சும் நிறுத்த மாட்டேங்குது."

"அழட்டும்மா" என்றேன். "நல்லா அழட்டும். இங்க குடு, நான் வச்சிருக்கேன்."

மடியில் வாங்கிக்கொண்டேன். கீழே கடல் தொடங்கியிருந்தது. கோலாலம்பூர் வரும்வரை குழந்தை அழுதுகொண்டே இருந்தது. என் கை முழுவதும் அதன் மூச்சு ஏறி இறங்கிற்று.